அடமினபி: நகர்த்தி வைத்த ஊர் பிழைத்ததா?

மொனேரோவாசி:

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், கூமா ஊரைத் தாண்டிச் சிறிது தூரத்தில் சாலை இரண்டாகப் பிரியும். பனி பார்க்கக் கிளம்பியவர்களில் பெரும்பாலோர் இடது பக்கம் ஜிண்டபைனுக்குப் போய்விடுவார்கள். வலது பக்கம் போவது ஸ்னோயி மலை நெடுஞ்சாலை. அதில் போனால், கூமாவிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் அடமினபி. சாலையோரப் பூங்காவில் 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு ட்ரௌட் மீன் சிலை நிற்கும். குழந்தைகள் படம் எடுத்துக்கொள்வார்கள், பெரியவர்கள் கழிப்பறைக்குப் போவார்கள், பத்து நிமிடத்தில் கார் கிளம்பிவிடும். சுமார் 300 பேர் வாழும் ஊர். இதைப் பற்றி நம் மன்றத்தில் ஒரு இழை தொடங்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

அந்தப் பூங்காவில் நின்று நீங்கள் பார்க்கிற அடமினபி, 1956-57ல் அங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டது. அதற்கு முன் ஊர் சுமார் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, யூகம்பீன் ஆற்றின் பள்ளத்தாக்கில் இருந்தது. இன்று அந்த இடம் யூகம்பீன் ஏரி.

பழைய ஊரின் கதை தங்கத்தோடு தொடங்குகிறது. 1859 இறுதியில் மேலே கியாண்ட்ராவில் தங்கம் கிடைத்தது. அடுத்த ஆண்டே அந்தக் குளிரில் பத்தாயிரம் பேர் கூடாரம் போட்டார்கள் என்கிறார்கள். அங்கே போகிற வழியில் தங்கிப் போகவும் மாவும் சாராயமும் வாங்கவும் ஒரு ஊர் உருவானது. முதலில் அதன் பெயர் சீமோர். விக்டோரியாவிலும் ஒரு சீமோர் இருந்து தபால் குழம்பியதால் 1880களில் அடமினபி ஆனது. தங்கம் சீக்கிரமே ஓய்ந்தது. ஆடும் மாடும் ஊரைக் காப்பாற்றின. 1900க்குப் பிறகு பக்கத்தில் கைலோ செப்புச் சுரங்கம் சில வருடம் ஓடி நின்றது.

அப்புறம் 1949 அக்டோபர் 17. மலை ஆறுகளை அணைகளாலும் சுரங்கங்களாலும் திருப்பி மின்சாரமும் பாசனமும் எடுக்கிற ஸ்னோயி மலைத் திட்டத்தின் தொடக்க விழாவே அடமினபியில்தான் நடந்தது. கவர்னர் ஜெனரல் மெக்கெல், பிரதமர் சிஃப்லி, திட்டத்தின் ஆணையர் வில்லியம் ஹட்சன் எல்லோரும் வந்தார்கள். எதிர்க்கட்சித் தலைவர் மென்சிஸ் விழாவைப் புறக்கணித்தார். (இரண்டே மாதத்தில் அவர் பிரதமர் ஆனார், பிறகு அதே திட்டத்தைத் தன் திட்டம் போலவே நடத்தினார். அரசியல் எல்லா ஊரிலும் அரசியல்தான்.) ஊர் மக்கள் கைதட்டி வரவேற்ற திட்டம், பத்து ஆண்டுக்குள் அந்த ஊரையே தண்ணீருக்குள் தள்ளியது.

நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களை நகர்த்தினார்கள். பலகை வீடுகள் அப்படியே லாரியில் ஏறின. இரண்டு தேவாலயங்களைக் கல் கல்லாகப் பிரித்துப் புது ஊரில் மறுபடி கட்டினார்கள். இதைத்தான் சுற்றுலாக் கையேடுகள் "காப்பாற்றப்பட்ட ஊர்" என்று எழுதுகின்றன.

என் கருத்து வேறு. கட்டடங்களைக் காப்பாற்றினார்கள். ஊர் எதனால் ஊராக இருந்ததோ அதை விட்டுவிட்டார்கள். ஆற்றங்கரை நிலமும் மேய்ச்சலும் தண்ணீருக்கடியில் போயின. அந்தத் தண்ணீராவது ஊருக்குக் கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. புது அடமினபியிலிருந்து பார்த்தால் ஏரி தெரியாது. ஏரிக்காக இடம் பெயர்ந்த ஊருக்கு ஏரியே இல்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நம் பக்கத்து அணைகளோடு ஒப்பிட வேண்டாம், அதற்குத் தனி இழை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.

---

தூண்டில்காரன்:

ஏரி தெரியாவிட்டால் என்ன, மீன் தெரிகிறதே! அந்தச் சிலை 1973ல் வைத்தது. செய்தவர் ஹங்கேரியிலிருந்து வந்த ஆண்டி லொம்னிசி. இரும்புக் கம்பிக் கூட்டின் மேல் ஃபைபர் கிளாஸ், எடை இரண்டரை டன். ஆஸ்திரேலியாவின் "பெரிய" சிலைகளில் உருப்படியானது இது ஒன்றுதான் என்பது என் தீர்ப்பு. செதில் வரை பார்த்துச் செய்திருக்கிறார்.

ஊருக்கு ஏரி கிடைக்கவில்லை என்பது பாதிதான் உண்மை. பழைய ஊரின் மேட்டுப் பகுதி மூழ்கவில்லை. அங்கே இன்றும் ஓல்ட் அடமினபி என்று குடியிருப்பு இருக்கிறது. கேரவன் பூங்கா, படகு இறக்கும் தளம் எல்லாம் உண்டு. என்னைப் போன்றவர்கள் போய்த் தங்குவது அங்கேதான்.

---

வரவுசெலவு:

மொனேரோவாசி சார், நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் குற்றவாளியைத் தவறாகப் பிடித்திருக்கிறீர்கள்.

கியாண்ட்ராவை யாரும் மூழ்கடிக்கவில்லை. பத்தாயிரம் பேர் இருந்த ஊரில் இன்று ஒருவரும் குடியில்லை. பொம்பாலா, நிம்மிடபெல் ஊர்களையும் யாரும் நகர்த்தவில்லை, அவையும் இளைஞர்களைக் கான்பராவுக்கு அனுப்பிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கின்றன. கூமாவுக்கு வந்துகொண்டிருந்த ரயிலே 1980களின் இறுதியோடு நின்றுபோனது. கம்பளியை எடுத்துக்கொள்ளுங்கள். கொரியப் போரின்போது, 1950-51ல், ஆட்டு ரோமம் ராத்தல் ஒரு பவுண்டுக்கு (அன்றைய ஆஸ்திரேலிய நாணயம்) விற்றது. அந்தச் செழிப்பின் வாசனை போவதற்குள் அடமினபியை நகர்த்தினார்கள். எனவே பழைய ஊர் என்றாலே மக்கள் நினைவில் வருவது அந்தச் செழிப்பான ஊர். 1991ல் கம்பளியின் ஆதரவு விலைத் திட்டம் சரிந்தபோது பள்ளத்தாக்கில் இருந்திருந்தாலும் அடமினபி அடி வாங்கியிருக்கும்.

அணை கட்டாமல் இருந்திருந்தால் அந்த ஊர் இன்று எப்படி இருக்கும்? 200 பேரோடு ஒரு மதுக்கடையும் ஒரு பெட்ரோல் பங்கும் இருக்கும். அவ்வளவுதான். இப்போது மீன் சிலையாவது இருக்கிறது.

---

மொனேரோவாசி:

> பள்ளத்தாக்கில் இருந்திருந்தாலும் அடமினபி அடி வாங்கியிருக்கும்

அப்படியானால் ஜிண்டபைனைப் பாருங்கள். அதுவும் இதே திட்டத்தில் மூழ்கி நகர்த்தப்பட்ட ஊர்தான். 1960களில் நகர்த்தினார்கள், 1967ல் அணை முடிந்தது. ஆனால் புது ஜிண்டபைனை ஏரிக் கரையிலேயே வைத்தார்கள். இன்று இரண்டாயிரத்துக்கு மேல் மக்கள். குளிர்காலத்தில் வாடகைக்கு அறை கிடைக்காது. ஒரே திட்டம், ஒரே அதிகாரிகள், பத்து வருட இடைவெளி, இரண்டு ஊர். ஒன்று தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தது, இன்னொன்று நெடுஞ்சாலையைப் பார்த்து உட்கார்ந்தது. இந்த வித்தியாசத்தை ஆட்டு ரோமத்தின் விலையால் விளக்க முடியுமா?

---

வரவுசெலவு:

ஆட்டு ரோமத்தால் முடியாது. பனிச்சறுக்கால் முடியும். ஜிண்டபைனுக்கு மேலே த்ரெட்போவும் பெரிஷரும் இருக்கின்றன. அடமினபிக்கு மேலே இருப்பது செல்வின். அது குழந்தைகளை முதல்முறை பனியில் விளையாட விட ஏற்ற சின்ன இடம். அதுவும் 2020 ஜனவரித் தீயில் எரிந்து 2023 குளிர்காலத்தில்தான் மறுபடி திறந்தது. ஜிண்டபைனுக்கு வருகிறவன் ஏரியைப் பார்க்க வரவில்லை, மலைக்குப் போக வருகிறான். ஏரி அவனுக்கு ஜன்னலுக்கு வெளியே தெரிகிற அழகு, அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், ஆஸ்திரேலியாவில் பனிச்சறுக்கு தொடங்கியதே அடமினபி பக்கம்தான். கியாண்ட்ராவின் நார்வேக்காரச் சுரங்கத் தொழிலாளர்கள் 1861 வாக்கில் வேலிப் பலகையைக் காலில் கட்டிக்கொண்டு சறுக்கினார்கள். முதலில் தொடங்கியவர்களுக்குப் பணம் போய்ச் சேர்வதில்லை.

---

ஓய்வுபெற்ற மதகு:

நீர்மின் துறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒரு விஷயம். இருவரும் ஏரியை ஏரியாகவே பேசுகிறீர்கள். யூகம்பீனும் ஜிண்டபைனும் ஒரே வகை நீர்நிலைகள் அல்ல. விவாதம் அங்கேதான் திரும்ப வேண்டும்.

யூகம்பீன் அணை மண்ணும் பாறையும் கொட்டிக் கட்டியது. உயரம் 116 மீட்டர், 1958ல் முடிந்தது. கொள்ளளவு 4,798 கிகாலிட்டர். நம் கணக்கில் ஏறத்தாழ 169 டி.எம்.சி. ஜிண்டபைன் 688 கிகாலிட்டர், சுமார் 24 டி.எம்.சி. ஏழில் ஒரு பங்குதான். யூகம்பீன் முழுத் திட்டத்துக்கும் சேமிப்புக் கணக்கு போன்றது. நல்ல மழை, நல்ல பனி பெய்த வருடத்தில் போட்டு வைப்பார்கள், வறட்சியில் எடுப்பார்கள்.

போடுவது எப்படி? டான்டன்கராவில் மறித்த முரம்பிட்ஜி ஆற்று நீர் ஒரு சுரங்கத்தில் வருகிறது. ஸ்னோயி ஆற்று நீர் ஐலண்ட் பெண்டிலிருந்து இன்னொரு சுரங்கத்தில் வருகிறது. அந்தச் சுரங்கத்தில் தண்ணீர் இரண்டு திசையிலும் போகும். மேற்குப் பக்கம் மர்ரே நதிக்கு அனுப்ப வேண்டுமானால் யூகம்பீனிலிருந்து அதே வழியாகத் திரும்பவும் எடுக்கலாம். ஜிண்டபைனில் சேர்கிற நீரைக்கூட நீரேற்று நிலையம் வைத்து மேலே ஏற்றுகிறார்கள். எடுப்பதற்கு முக்கிய வழி, மலைக்கு அடியில் 22 கிலோமீட்டர் நீளத்துக்குத் துமுட் ஆற்றுப் பக்கம் போகிற சுரங்கம். அங்கே மின்நிலையங்களில் விழுந்து, முரம்பிட்ஜியில் சேர்ந்து, உள்நாட்டுப் பாசனத்துக்குப் போகிறது. கிழக்கே கடலுக்குப் போயிருக்க வேண்டிய தண்ணீர் மேற்கே வயலுக்குப் போகிறது. ஸ்னோயித் திட்டம் என்பதே இதுதான்.

சேமிப்பு என்றால் இருப்பு ஏறி இறங்கத்தான் செய்யும். யூகம்பீன் கட்டி முடித்தும் அது நிரம்பும் நிலைக்கு வந்தது 1970களில்தான். வறட்சியில் நீர்மட்டம் பல மீட்டர் இறங்கும். சரிவு குறைந்த கரைகளில் தண்ணீர் விளிம்பு கண்ணுக்கெட்டாத தூரம் போய்விடும், நடுவில் சேறும் பட்ட மரக்கட்டைகளும்தான். அந்தக் கரையில் ஒரு ஊரை வைத்து ஹோட்டல் கட்டினால் பாதி வருடங்களில் சேற்றைப் பார்த்துக்கொண்டு காப்பி குடிக்கலாம். எனவே அடமினபியை ஏரிக் கரையில் வைத்திருந்தாலும் அது ஜிண்டபைன் ஆகியிருக்காது என்பது என் கணிப்பு. வரவுசெலவு சொன்ன முடிவுதான், காரணம்தான் வேறு.

---

தூண்டில்காரன்:

மதகு ஐயா சொல்கிற அந்த டான்டன்கராச் சுரங்கம் ப்ராவிடன்ஸ் போர்ட்டலில் வெளியே வருகிறது. அதில் தண்ணீர் ஓடுகிற நாட்களில் மீன் அங்கே கூட்டமாக நிற்கும், மீனைவிட அதிகமாகத் தூண்டில்காரர்கள் நிற்பார்கள். மே மாதத்தில் பழுப்பு ட்ரௌட் முட்டையிட யூகம்பீன் ஆற்றில் ஏறும். ஜூன் நீள வாரயிறுதியோடு ஆற்றில் பிடிப்பதை நிறுத்திவிட வேண்டும், அக்டோபர் நீள வாரயிறுதியில் திரும்பத் திறப்பார்கள். ஏரியில் வருடம் முழுக்கப் பிடிக்கலாம். உரிமம் கட்டாயம், ஃபோனிலேயே வாங்கலாம்.

சேறு பற்றிச் சொன்னது முழு உண்மை. மட்டம் இறங்கினால் படகை எங்கே இறக்குவது என்று தேடுவதிலேயே காலை போய்விடும். ஆனால் மீன்காரனுக்குச் சேறு ஒரு பொருட்டா?

---

வன்னிமகள்:

எல்லாரும் மீனையும் மின்சாரத்தையும் கதைக்கிறீர்கள். சனத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

முதல் விஷயம். அடமினபியின் வரலாறு 1859ல் தொடங்கவில்லை. அது ஙரிகோ என்ற பூர்வகுடி மக்களின் நிலம். கோடையில் போகோங் அந்துப்பூச்சிகள் மலை உச்சிப் பாறை இடுக்குகளில் கோடிக்கணக்கில் வந்து அடையும். அதைச் சுட்டுச் சாப்பிட, சடங்கு நடத்த, பெண் கொடுத்து எடுக்க, பல இடத்து மக்களும் மலையில் கூடுவார்கள். வெள்ளைக்கார மந்தைக்காரர்கள் வந்தபின் ஒரு தலைமுறைக்குள் அந்த வாழ்வு குலைந்துபோனது. அவர்களின் வீட்டை லாரியில் ஏற்றி யாரும் பத்திரமாகக் கொண்டுபோய் வைக்கவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் முதல் இடப்பெயர்வு 1957இல் நடந்தது அல்ல.

இரண்டாவது. ஸ்னோயித் திட்டத்தைப் பல்பண்பாட்டு ஆஸ்திரேலியாவின் பிறப்பிடம் என்பார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஒரு லட்சம் பேர் வேலை செய்தார்கள், 121 பேர் வேலையில் இறந்தார்கள். போரில் வீடிழந்த ஐரோப்பியர்கள் நிறையப் பேர், போலந்துக்காரர், யூகோஸ்லாவியர், இத்தாலியர், ஜெர்மானியர். நேற்று ஒருவரை ஒருவர் சுட்டவர்கள் ஒரே சுரங்கத்துக்குள் வேலை செய்தார்கள். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அதே காலத்தில், வெள்ளையரல்லாதவர் குடியேறுவதைத் தடுத்த வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை நடப்பில் இருந்தது. ஆசியப் பொறியாளர்கள் கொழும்புத் திட்டம் என்ற உதவித் திட்டத்தில் பயிற்சிக்கு வந்து, படித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். குடியிருக்க வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. கியாண்ட்ராவில் தங்கம் தேடிய சீனர்களை இந்தக் கதைக்குள் சேர்ப்பதே இல்லை.

நானும் இடம்பெயர்ந்து வந்தவள்தான். அதனால் மொனேரோவாசி அண்ணையின் கேள்வி எனக்கு விளங்குகிறது. ஆனால் வீடு, பள்ளி, தேவாலயம், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் ஒன்றாக நகர்ந்து, ஒரே பெயரோடு ஒரு ஊர் அமைந்தது என்றால் அது சின்ன விஷயமில்லை. 300 பேர் மிஞ்சியதை வைத்துத் தோல்வி என்று தீர்ப்பு எழுத என்னால் இயலாது.

---

மொனேரோவாசி:

அக்கா, ஙரிகோ பற்றிச் சொன்னதற்கு நன்றி. ஆனால் "எல்லாம் ஒன்றாக நகர்ந்தது" என்பதை அப்படியே விட முடியாது. பலர் இழப்பீட்டை வாங்கிக்கொண்டு கூமாவுக்கும் கான்பராவுக்கும் போய்விட்டார்கள். சிலர் மேட்டில் ஓல்ட் அடமினபியிலேயே இருந்தார்கள். மீதிப் பேர் புது ஊருக்கு வந்தார்கள். மூன்றாக உடைந்த ஊர் அது.

புது இடத்தையும் கவனியுங்கள். ஊர் நிற்கிற மொனேரோச் சமவெளி பெரும்பாலும் இயற்கையாகவே மரமில்லாத புல்வெளி. பள்ளத்தில் தேங்கும் குளிர்காற்றும் மண்ணும் மரக்கன்றை வளரவிடாது, மலை மறைவில் மழையும் குறைவு. ஆயிரம் மீட்டருக்கு மேலே, திறந்த வெளியில், காற்றை வாங்கிக்கொண்டு புதிதாக ஒரு தெரு. நட்ட மரங்கள் நிழல் தர ஒரு தலைமுறை ஆனது.

---

கேள்விக்குறி:

இந்த இழைக்குப் புதிது. ஒரு சின்னச் சந்தேகம். வீட்டை "அப்படியே லாரியில்" எப்படி ஏற்றினார்கள்? அஸ்திவாரம் என்ன ஆகும்? கிண்டல் இல்லை, உண்மையிலேயே கேட்கிறேன்.

---

ஓய்வுபெற்ற மதகு:

நம் ஊர் செங்கல் வீட்டை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள். ஆஸ்திரேலியக் கிராமத்துப் பழைய வீடு மரச்சட்டத்தின் மேல் பலகை அடித்து, மேலே தகரம் போட்டது. அது தரையில் உட்காராது, குட்டையான முட்டுக்கட்டைகளின் மேல் நிற்கும். சுற்றிலும் ஜாக்கி வைத்துச் சிறிது சிறிதாகத் தூக்கி, அடியில் நீளமான உத்திரங்களைச் செருகி, வீட்டை டிரெய்லருக்கு இழுத்துவிடுவார்கள். பெரிய வீடென்றால் நடுவில் அறுத்து இரண்டாக எடுப்பார்கள். புகைபோக்கி செங்கல் என்பதால் அதை இடித்துவிட்டுப் போன இடத்தில் புதிதாகக் கட்ட வேண்டும். மின்கம்பிகளைக் கழற்ற வேண்டும், வளைவுகளில் மணிக்கணக்காக நிற்க வேண்டும். இன்றும் குவீன்ஸ்லாந்தில் பழைய வீட்டை வாங்கி வேறு ஊருக்குக் கொண்டுபோவது சாதாரணம்.

கல் கட்டடத்துக்கு இது நடக்காது. அதனால்தான் தேவாலயங்களைப் பிரித்துக் கட்ட வேண்டியிருந்தது. எதைத் தூக்கவும் முடியவில்லை, பிரித்துக் கட்டவும் காசு தேறவில்லையோ, அது தண்ணீருக்குள் போனது.

---

கேள்விக்குறி:

நன்றி ஐயா. அப்படித் தண்ணீருக்குள் போனவை இப்போதும் இருக்கின்றனவா?

---

தூண்டில்காரன்:

இருக்கின்றன. 2007 வறட்சியில் ஏரி பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வற்றியபோது பழைய அடமினபி வெளியே வந்தது. அஸ்திவாரக் கற்கள், வாசற்படிகள், துருப்பிடித்த பண்ணை இயந்திரங்கள், பாட்டில்கள், தெரு மரங்களின் அடிக்கட்டைகள். ஐம்பது வருடம் கழித்து ஆட்கள் தங்கள் வீட்டு வாசற்படியில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கூடவே சிலர் நினைவுப் பொருள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். அதைத் தடுக்க மாநில அரசு தலையிட்டு, 2008ல் அந்த நிலப்பரப்பை மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இப்போது மட்டம் இறங்கினாலும் எதையும் எடுக்கக் கூடாது, பார்க்கலாம்.

---

இரவுப்பணி:

ஸ்னோயி 2.0 திட்டத்தில் ஒப்பந்த வேலையில் இருக்கிறேன். பொதுவெளியில் இருக்கிற விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

பழைய கதை மறுபடி நடக்கிறது. 2017ல் அன்றைய பிரதமர் டர்ன்புல் அறிவித்தபோது செலவு 200 கோடி டாலர் என்றார்கள். 2023ல் அது 1,200 கோடி ஆனது. மேலே டான்டன்கரா நீர்த்தேக்கம், கீழே டால்பிங்கோ நீர்த்தேக்கம், நடுவில் 27 கிலோமீட்டர் சுரங்கம். மின்சாரம் மலிவாக இருக்கும்போது தண்ணீரை மேலே ஏற்றி, தேவையான நேரத்தில் கீழே விட்டு 2,200 மெகாவாட் எடுப்பது திட்டம். டான்டன்கராப் பக்கம் குடைய இறக்கிய இயந்திரத்துக்கு ஃப்ளாரன்ஸ் என்று பெயர், ஆஸ்திரேலியாவின் முதல் பெண் மின்பொறியாளர் ஃப்ளாரன்ஸ் மெக்கென்சியின் நினைவாக. அது 2022ல் சிறிது தூரமே போய் இளகிய மண்ணில் சிக்கியது. அந்த டிசம்பரில் மேலே தரை உள்வாங்கிப் பள்ளம் விழுந்தது. மறுபடி நகர ஆரம்பித்தது 2023 டிசம்பரில்.

சுரங்கத்துக்கு உட்புறம் பதிக்கிற கான்கிரீட் வளையத் துண்டுகளைக் கூமாவில் வார்க்கிறார்கள். அவை லாரியில் அடமினபி வழியாகத்தான் மலைக்குப் போகின்றன. ஊருக்குக் கிடைப்பது? எங்களுக்குத் தங்குமிடம், சாப்பாடு, துணி துவைப்பு எல்லாம் மலை மேல் முகாமிலேயே. வேலை முடிந்தால் பஸ்ஸில் ஏறி விமானத்துக்குப் போகிறோம். 1950களில் சம்பள நாளில் தொழிலாளிகள் ஊருக்கு வந்து செலவழித்தார்கள் என்று படித்திருக்கிறேன். இப்போது ஊர் பார்ப்பது லாரியின் பின்பக்கத்தை.

வேடிக்கைக்கு ஒன்று. டான்டன்கரா ஓடையின் மேல்பகுதியில், ஒரு சிறு அருவிக்கு மேலே, ஸ்டாக்கி கலாக்ஸியஸ் என்ற விரல் நீள மீன் வாழ்கிறது. அருவியைத் தாண்டி ட்ரௌட் ஏற முடியாததால்தான் அது பிழைத்திருக்கிறது. புதுத் திட்டம் தண்ணீரை மேலேற்றும்போது வேறு மீன்களும் நோயும் கூடவே ஏறிவிடும் என்று ஆய்வாளர்கள் பயப்படுகிறார்கள். அந்த மீனுக்கு யாரும் சிலை வைக்கவில்லை.

---

தூண்டில்காரன்:

ட்ரௌட் வெளியூர் மீன்தான், மறுக்கவில்லை. ஆனால் அடமினபியில் அதைப் பற்றித் தப்பாகப் பேசினால் மதுக்கடையில் பீர் கிடைக்காது, எச்சரிக்கை.

---

வன்னிமகள்:

கீழே ஸ்னோயி ஆற்றுக் கரையில் டல்கெட்டி என்று ஒரு ஊர் இருக்கிறது. 1904ல் நாட்டின் தலைநகராகவே அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள், பிறகு கான்பரா ஆனது. ஜிண்டபைன் அணைக்குப் பிறகு அந்த ஊருக்கு வந்த ஆற்றுநீர் பழைய அளவில் நூற்றில் ஒரு பங்கு. பல வருடம் போராடி 2002இல்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி விடத் தொடங்கினார்கள். அடமினபிக்குத் தண்ணீர் அதிகமானது, டல்கெட்டிக்குத் தண்ணீர் இல்லாமல் போனது. நகர்த்தாமல் விட்ட ஊரும் பிழைக்கவில்லை. இதையும் உங்கள் கணக்கில் சேருங்கள்.

---

மொனேரோவாசி:

சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் டல்கெட்டியும் என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. பலன் எல்லாம் மேற்கே பாசன மாவட்டங்களுக்கும் சிட்னி, மெல்பர்ன் மின்விளக்குகளுக்கும் போனது. விலை கொடுத்தது மொனேரோ. அடமினபியை எங்கே வைத்தார்கள் என்பதைவிட, நகர்த்தியபின் அதற்கு என்ன கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி. ஒரு தொழில் வந்ததா? திட்டத்தின் தலைமையகம் கூமாவில் இருந்தது. தொழிலாளர் குடியிருப்பு கப்ரமரா போன்ற தனி ஊர்களில். இன்று அடமினபியில் இருக்கும் ஸ்னோயித் திட்ட அருங்காட்சியகம்கூட ஊர் மக்களின் தன்னார்வ உழைப்பில் ஓடுகிறது. கேள்விக்குறி, அந்தப் பக்கம் போனால் மீன் சிலையோடு திரும்பாமல் அங்கேயும் போங்கள். திறந்திருக்கும் நாட்களைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

---

கேள்விக்குறி:

கண்டிப்பாக. பழைய ஊர் இப்போது போனால் தெரியுமா?

---

ஓய்வுபெற்ற மதகு:

நீர்மட்டத்தைப் பொறுத்தது. திட்டத்தை நடத்துகிற ஸ்னோயி ஹைட்ரோ நிறுவனத்தின் இணையதளத்தில் ஏரி மட்டங்களை வெளியிடுகிறார்கள், பார்த்துவிட்டுப் போகலாம். 2007 போல முழுத் தெருவும் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், அதற்குக் கடும் வறட்சி வேண்டும்.

மொனேரோவாசிக்கு ஒரு திருத்தம். "சிட்னி, மெல்பர்ன் விளக்குகள்" என்பதை முதன்மையாகச் சொல்லாதீர்கள். உச்சநேரத் தேவைக்குத்தான் இந்த மின்சாரம், அன்றாட விளக்குக்கு எரிந்தது நிலக்கரி. இந்தத் திட்டத்தில் பாசனமே பெரிய பங்கு.

---

வரவுசெலவு:

பலன் எங்கே போனது என்பதில் எனக்கும் மொனேரோவாசிக்கும் சண்டை இல்லை. இடம் தேர்ந்ததில் மட்டும் நான் அதிகாரிகள் பக்கம்தான். அடமினபியில் இன்று ஓடுகிற கடைகள் யாரால் ஓடுகின்றன? நெடுஞ்சாலையில் போகிறவர்களால். துமுட், செல்வின், கான்பரா என்று போகிற கார்கள் அங்கே நிற்கின்றன. ஏரிக் கரையில் வைத்திருந்தால் அந்தக் கார்கள் ஊருக்குள் திரும்பியிருக்கவே திரும்பியிருக்காது. ஓல்ட் அடமினபி ஏரிக் கரையில்தானே இருக்கிறது? அங்கே எத்தனை கடை இருக்கிறது என்று தூண்டில்காரரே சொல்லட்டும்.

---

தூண்டில்காரன்:

கடை கேட்காதீர்கள். சாமான் எல்லாம் அடமினபியிலேயே வாங்கிக்கொண்டுதான் போவேன்.